எட்டு மூலை வீட்டின் ஏழு பலகைகள்

எட்டு மூலை உள்ள அறைக்குள் ஒரு மர அலமாரியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் எஸ்டேட் கேட் வீட்டில் இருப்பதால் கேட்டம்மா என்று பேர் வாங்கியவளின் கோபம் புரியும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அன்று, பிறந்த வீட்டில் கொடுத்தனுப்பிய அலமாரியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு அறைக்குள் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். மூன்று சுவரில் ஜன்னல், இரண்டில் கதவு, ஒன்றில் குளிருக்கு நெருப்புப் போடும் கணப்பு. மிச்சமிருந்த இரண்டு சுவரும் அலமாரியைவிட ஒரு சாண் குறைச்சல். கடைசியில் அலமாரி அறையின் நட்டநடுவே, உட்காரச் சொல்ல ஆளில்லாத விருந்தாளி மாதிரி நின்றது.

"இதைக் கட்டினவன் வீட்டுல துணிமணியே கிடையாதா?"

புதுப்பெண் அந்த வீட்டில் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான். புருஷனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தூக்கிவந்த நான்கு பேரும் அலமாரியைப் பின்கட்டுச் சமையலறையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த திட்டு முப்பத்து நாலு வருஷமாக ஓயவில்லை. கூரையைப் பார்த்தால் ஒரு திட்டு, படுக்கையை விரித்தால் ஒரு திட்டு. அந்த வீட்டைக் கட்டியவன் நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தின ஆள். எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பான். போன இடத்தில் அவனுக்குத் தினமும் புரையேறிக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், பிடிக்காதவனை யாரும் மெனக்கெட்டு முப்பத்து நாலு வருஷம் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவள் திட்டத் திட்ட அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

பெரிய எஸ்டேட் ஒன்றின் நுழைவாயிலில் நிற்கிற சின்ன வீடு அது. எஸ்டேட்டின் பங்களா உள்ளே இரண்டு மைல் தள்ளி இருந்தது. வருகிறவர்கள் முதலில் நிற்பது கேட்டில்தான், அதனால் முதலாளி தன் பவிசையெல்லாம் கேட் வீட்டிலேயே காட்டிவிட்டார். முன்பக்கம் முழுக்கச் செதுக்கிய கல், பின்பக்கம் வெறும் செங்கல். முன்கதவு இரண்டு ஆள் உயரம், பார்த்தால் அரண்மனை என்றுதான் நினைப்பீர்கள். திறப்பது கீழ்ப்பாதி மட்டும், மேல்பாதி சுவரோடு வைத்து ஆணியடித்த பலகை. வெளியே நின்று எண்ணினால் ஜன்னல் நான்கு, உள்ளே வந்து எண்ணினால் மூன்றுதான். நான்காவது, சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்டால் வரைந்தது. பக்கத்துக்குப் பக்கம் சமமாக இருக்கவேண்டும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. பார்சல் கொண்டுவந்த ஒருவன் ஒருமுறை அந்த ஜன்னலைத் தட்டித் தட்டி, வீட்டில் ஆளில்லை என்று சீட்டு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே கேட்டம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே கூரை. செங்குத்தான ஓட்டுக் கூரை, அதன் விளிம்பைச் சுற்றித் தொங்கும் இருபத்திரண்டு மரப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு கொடி, கொடிக்கு ஐந்து இலை, இலைகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிகிற மாதிரி வெட்டிய ஓட்டைகள். வெயில் சாய்கிற நேரத்தில் அந்த இலைகளின் நிழல் கல் சுவரில் விழுந்து மெல்ல நகரும். அந்தப் பலகைகளை மட்டும் கேட்டம்மா ஒரு நாளும் திட்டியதில்லை. அவற்றில் ஏழு பலகைகள் அவள் புருஷன் வெட்டியவை.

அவர் தச்சர் இல்லை. கேட்காரர். அப்பா பார்த்த வேலையை மகன் பார்த்தார், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பன்னிரண்டாவது வருஷம் ஒரு புயலில் கிழக்குப் பக்கத்து மரம் கூரைமேல் விழுந்து, அந்தப் பக்கத்து எட்டுப் பலகைகளில் ஏழு தூள் தூளாகிவிட்டன. தப்பித்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஓரம் பிய்ந்து கீழே கிடந்தது. எஸ்டேட் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "தகரம் அடிச்சு விடுப்பா, மேல யார் அண்ணாந்து பாக்கப்போறா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேட்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"தகரமாம் தகரம். இவர் தலையில அடிக்கணும் தகரத்தை," என்றார்.

"சரி, அடிக்க வேண்டாம். என்ன பண்ணப் போறீங்க?"

"நான் வெட்டறேன்."

"நீங்களா? போன வாரம் முக்காலிக்கு ஒரு கால் போட்டீங்களே, அது இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் நிக்குது."

நொண்டிதான். ஆனால் மனுஷன் விடவில்லை. பதினான்கு மாதம். கேட் வேலை முடிந்த நேரமெல்லாம் சமையலறையில் பலகையைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். டீயில் மரத்தூள், படுக்கையில் மரத்தூள், மகளின் பள்ளிக்கூடப் பையில் மரத்தூள். ஒன்பது வயது மகள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்துபோவாள். ஏழு நல்ல பலகைக்காகப் பதினொரு பலகை பாழாயிற்று. பாழானதெல்லாம் கணப்பில் எரிந்தது. அந்தக் குளிர்காலம் மாதிரி கதகதப்பாக இன்னொரு குளிர்காலம் அவர்கள் வாழ்க்கையில் வரவில்லை என்று கேட்டம்மா இன்றைக்கும் சொல்வாள். கடைசியில் இலை என்றால் அப்படி ஒரு இலை. நரம்புகூடத் தெரியும். அவள் வாயடைத்துப் போனாள். அவள் வாயடைத்துப் போனது அந்த வீட்டில் அதிசயம்தான்.

ஏழையும் மேலே ஏற்றி ஆணியடித்து முடித்துவிட்டு, கேட்காரர் ஏணியிலிருந்து இறங்கிச் சாலைக்குப் போய், இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய பலகைகளில் இலைகள் எல்லாம் வலப்பக்கம் வளைந்திருந்தன. இவருடைய ஏழிலும் இடப்பக்கம். என்ன நடந்தது என்றால், புயலில் தப்பித்த பலகையை மாதிரிக்காகக் காகிதத்தின்மேல் வைத்து அச்சு எடுக்கும்போது, செதுக்கின பக்கத்தில் பென்சில் கீறிவிடக் கூடாதே என்று ஜாக்கிரதையாகக் குப்புற வைத்து வரைந்துவிட்டார். பதினான்கு மாதம், பதினெட்டுப் பலகை, ஒரு தடவைகூட ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

கேட்டம்மாவுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அடுத்த வருஷம் மாத்திடறேன்," என்றார். மாற்றவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. தினம் இரண்டு தடவை காரில் அந்தப் பக்கம் போன மேனேஜருக்கு, அங்கே பலகை வந்ததே தெரியாது. அதற்குப் பிறகு புருஷன் பொண்டாட்டிக்குள் எந்தச் சண்டை வந்தாலும், "ஆமா, நீங்க இடது பக்கம் திரும்பினவராச்சே," என்று அவள் ஒரு வார்த்தை விடுவாள். சண்டை அங்கேயே முடிந்துபோகும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கேட் வேலை கேட்டம்மாவிடம் வந்தது. பிறகு பங்களாவை இடித்தார்கள், எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றார்கள். மிஞ்சியது கேட்டும் கேட் வீடும்தான். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு அறக்கட்டளை அவளையே வைத்துக்கொண்டது. உள்ளே இப்போது இருப்பதெல்லாம் புது வீடுகள், ஆனாலும் காலையில் கேட்டைத் திறப்பாள், இருட்டுமுன் சாத்துவாள். வருஷம் ஒருமுறை பொய் ஜன்னலுக்குக் கறுப்பு அடிப்பாள். ஓடு நகர்ந்தால் தானே ஏறிச் சரிசெய்வாள். ஐம்பத்து மூன்று வயதில் கூரைமேல் நிற்கிறவளைப் பார்த்து, போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள்.

அப்படி இருக்கையில்தான் சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று கடிதம் வந்தது. பின்னாலேயே சாலை இன்ஜினியர் வந்து, கல் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். வீடு சரியாக வளைவில் நிற்கிறதாம். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்ந்தால் தப்பும், இல்லையென்றால் இடிப்பு. அவளுக்கு ஐந்தாவது மாடியில் ஒரு வீடு தருவார்களாம். நாலு மூலை அறை, அலமாரி தாராளமாக நிற்கும்.

பட்டியலுக்காகக் கட்டடத்தை ஆராய வந்தவர் ஒரு பேராசிரியர். அறுபது வயது, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, பை நிறைய அளவு நாடா. நல்ல மனுஷன் என்றுதான் சொல்லவேண்டும். நான்கு நாள் வெயிலில் நின்று வெளிச்சுவரை அங்குலம் அங்குலமாக அளந்தார். கல்லைத் தடவினார், படம் எடுத்தார், குனிந்தார், நிமிர்ந்தார். உள்ளே வந்து டீ குடிக்கக் கூப்பிட்டால், "வெளியிலயே குடுத்துடுங்கம்மா, வெளிச்சம் போயிடும்," என்பார். நான்காம் நாள் கிழக்குப் பக்கம் போனவர் திடீரென்று கத்தினார்.

"அம்மா! இங்க வாங்க, சீக்கிரம்! இந்த ஏழு பலகையிலயும் இலை இடது பக்கம் திரும்பியிருக்கு, பாத்தீங்களா?"

கேட்டம்மா டீ டம்ளரோடு வந்து நின்றாள்.

"ஊர்லேருந்து வர்ற விருந்தாளி இந்தப் பக்கமாத்தானே வருவார்? இலையெல்லாம் அவரைத் திரும்பிப் பாக்குதும்மா! வாங்கன்னு சொல்லுது! நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் இப்படி யோசிச்சிருக்கான்னா, அவன் மூளையை என்னன்னு சொல்றது! நான் வேற எங்கயும் இப்படிப் பாத்ததில்ல."

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அது தொண்டைக்கு வருவதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"இது ஒண்ணு போதும்மா. இந்த வீட்டை இனிமே ஒருத்தனும் தொட முடியாது."

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. டீயை நீட்டினாள், உள்ளே போனாள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, பட்டியலில் சேர்ப்பதா என்று முடிவுசெய்யும் குழு வருவதாக இருந்தது. அந்த மூன்று வாரம் கேட்டம்மா பட்ட பாடு சொல்லி மாளாது. கேட்டைத் திறக்கப் போனால் கண் மேலே போகும், உடனே தலையைக் குனிந்துகொள்வாள். உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் வீடு நிற்கும், ஆனால் அவர் வெட்டியதெல்லாம் எவனோ ஒருவன் வெட்டியதாகிவிடும். முப்பத்து நாலு வருஷமாக அவள் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டினவனுக்கே புருஷனின் இலையைத் தூக்கிக் கொடுப்பதா? மனசு ஆறவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, தயவு பண்ணி வாயைத் திறக்காத," என்றாள் மகள். "அவங்களாத்தான் நல்லதா ஏதோ சொல்றாங்க, நீ ஏன் குறுக்க விழற?"

"உப்புத்தாள் தேச்சவ நீ. உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுதும்மா. ஆனா அப்பா இருந்தா என்ன சொல்வாரு? வீட்டைப் பாருன்னுதானே சொல்வாரு?"

"அதான்டி தொல்லை. அப்படித்தான் சொல்வாரு."

குழு வந்த அன்று காலை பத்து மணிக்கு எட்டு மூலை அறை நிரம்பிவிட்டது. தலைவியாக ஒரு அம்மா, ஓய்வுபெற்ற நீதிபதி என்று சொன்னார்கள், பேச்சு கறாராக இருந்தது. சாலை இன்ஜினியர் வந்ததும் வராததுமாக ஜன்னலோரத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மடியில் கோப்போடு ஒரு எழுத்தர். பேராசிரியர் உட்காரவே இல்லை, தலைகால் புரியாத சந்தோஷம் அவருக்கு. மகள் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்திலேயே, வாயைப் பொத்தத் தயாராக இருக்கிறவள் மாதிரி நின்றாள்.

"பங்களாவே போயாச்சு மேடம்," என்று இன்ஜினியர் ஆரம்பித்தார். "இது வாட்ச்மேன் ரூம். இதுக்கு எதுக்குப் பட்டியல்?"

பேராசிரியர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். படங்களைக் காட்டினார். பதினொரு பக்க அறிக்கை. கேட்கக் கேட்கத் தலைவியம்மாவின் முகம் மலர்ந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"இங்க குடியிருக்கறவங்க ஏதாவது சொல்லணுமா?" என்று முறைக்குக் கேட்டார்.

"இல்லைங்க," என்றாள் கேட்டம்மா. மகள் மூச்சு விட்டாள்.

அதோடு பேராசிரியர் சும்மா இருந்திருக்கலாம். வாய் யாரை விட்டது? "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் மேடம். இப்படி ஒரு இலையை வெட்ட இன்னிக்கு ஆள் கிடையாது. இந்த வீட்டுல அதுக்கப்புறம் இருந்தவங்கெல்லாம் கேட்டைத் திறந்து மூடினவங்கதான். தலைக்கு மேல என்ன இருக்குன்னே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பாவம்."

பாவமாம்! கேட்டம்மாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. மகள் கையைப் பிடிப்பதற்குள் ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"யாருக்குத் தெரியாதுங்க? அந்த ஏழு பலகையும் எங்க வீட்டுக்காரர் வெட்டினது. புயல்ல போனதுக்குப் பதிலா, இந்தக் கதவுக்குப் பின்னாடி உக்காந்து, பதினாலு மாசம் வெட்டினார். காகிதத்துல பலகையைக் குப்புற வச்சு வரைஞ்சுட்டார், அதனால இலை இடது பக்கம் போயிடுச்சு. விருந்தாளியும் இல்ல, வரவேற்பும் இல்ல!"

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஜினியர் மட்டும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப விஷயம் முடிஞ்சுது," என்றார்.

"ஏணி இருக்காம்மா?" என்றார் பேராசிரியர், மெல்லிய குரலில்.

ஏணியைக் கேட்டம்மா பிடித்துக்கொள்ள அவர் ஏறினார். ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இறங்கும்போது சட்டையெல்லாம் ஒட்டடை.

"அம்மா சொல்றது உண்மை," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பழைய பலகையில பின்பக்கம் தச்சன் வாச்சியால கொத்தினது அப்படியே கரடுமுரடா இருக்கு. இந்த ஏழுல பின்பக்கமும் வழுவழுன்னு இழைச்சிருக்கு. நான் மேல ஏறியே பாக்கல." பிறகு கேட்டம்மாவிடம் திரும்பினார். "யாரும் பாக்காத பக்கத்தை எதுக்கும்மா இழைச்சார்?"

"அவருக்குத் தெரியாது சார். ரெண்டு பக்கமும் இழைக்கணும்னு நினைச்சுட்டார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி எல்லோரும் உள்ளே வந்தார்கள். தலைவியம்மா கேட்டம்மாவை நேராகப் பார்த்தார். "மூணு வாரமா சொல்லாம இருந்துட்டு இப்ப ஏன் சொன்னீங்க? இன்னும் ரெண்டு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"வீடு போயிடுமேன்னு பயந்துதாங்க சொல்லல. ஆனா வீட்டைக் காப்பாத்தறதுக்காக அவரை வெளியில தள்ளிக் கதவைச் சாத்தின மாதிரி இருந்துச்சு. என்னால தாங்க முடியலைங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"நீங்க உண்மையைச் சொன்னதுல எனக்குச் சந்தோஷம். ஆனா அதுக்காக ஒரு வீட்டைப் பட்டியல்ல சேக்க முடியாதும்மா. அறிக்கையில இருந்த காரணம் போயிடுச்சு. வேற காரணம் இருக்கா, சார்?"

பேராசிரியர் பதினொரு பக்கத்தையும் புரட்டினார். பதினொன்றிலும் இலைதான் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் கேட்டம்மாவின் அழுகை நின்று, கோபம் திரும்பி வந்தது.

"என்ன சார் இது! இவ்வளவு பெரிய வீட்டுல வேற ஒண்ணுமே இல்லையா? நாலு நாள் அளந்தீங்களே, ஒரு தடவையாவது உள்ள வந்து உக்காந்தீங்களா?" இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "நீங்க கொஞ்சம் எந்திரிங்க."

அவர் எழுந்துவிட்டார், ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவள் நாற்காலியை இழுத்து, கணப்புக்கு முன்னால், தரையில் தேய்ந்து குழிவிழுந்திருந்த ஒரு கல்லின்மேல் வைத்தாள். தலைவியம்மாவை அதில் உட்காரச் சொன்னாள்.

"கழுத்தை மட்டும் திருப்புங்க. உடம்பு அசையக் கூடாது. இடது பக்க ஜன்னல்ல என்ன தெரியுது?"

"ரோடு."

"ஆத்துப் பாலம் வரைக்கும் தெரியும், பாருங்க. நேரா? ஊர் ரோடு. வலது பக்கம்? மலை ரோடு, அந்த மேடு வரைக்கும். மூணு ரோடும் ஒரே நாற்காலியிலேருந்து தெரியுது. வேற எங்க போட்டாலும் தெரியாது, நான் போட்டுப் பாத்திருக்கேன். வண்டி பாலத்துல ஏறும்போதே பாத்துட்டு எந்திரிச்சா, அது வர்றதுக்கும் கேட் திறக்கறதுக்கும் சரியா இருக்கும். முப்பத்து நாலு வருஷத்துல ஒரு வண்டி எங்க கேட்ல நின்னு ஹார்ன் அடிச்சதில்ல. அதுக்குத்தான் எட்டு மூலை! அலமாரி வைக்க இடமில்லாம பண்ணினான், பாவி, ஆனா இதுக்காகப் பண்ணினான்."

அப்புறம் அவளைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. கணப்பு ஏன் இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் இருக்கிறது, ஒரே புகைபோக்கி முன்அறையையும் சமையலறையையும் எப்படிச் சூடாக்குகிறது என்று காட்டினாள். கூரைத் தண்ணீர் கல்லுக்குள் மறைவாக இறங்கி, கேட்டுக்கு வெளியே அந்தக் காலத்தில் குதிரைகள் குடித்த தொட்டிக்குப் போகிற வழியைக் காட்டினாள். முன்கதவின் பொய் மேல்பாதியைக் காட்டி, அது வெறும் பகட்டு இல்லை, அதற்குப் பின்னால் பரண் இருக்கிறது, வருஷத்து விறகு மொத்தமும் அதில்தான் என்றாள். சொல்லும்போதே இரண்டு தடவை கட்டியவனைத் திட்டவும் செய்தாள். பேராசிரியர் அறிக்கையின் பின்பக்கத்திலேயே கிறுக்கிக் கிறுக்கி எழுதிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். "வெளியில நின்னு பாக்கறதுக்காகக் கட்டினதுன்னு நினைச்சேன் மேடம்," என்றார் மூச்சு வாங்க. "உள்ள உக்காந்து வெளிய பாக்கறதுக்காகக் கட்டியிருக்கான். ஒரு கேட்காரருக்காக இவ்வளவு யோசிச்சிருக்கான்."

இன்ஜினியர் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். பாலத்தில் ஒரு பஸ் ஏறுவதைப் பார்த்தார். அது வளைவுக்கு வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"வளைவை அந்தப் பக்கம் தள்ளலாம்," என்றார், யாரிடமோ கோபம்போல. "காலி இடம்தானே. வரைபடத்தை மறுபடி போடணும். அவ்வளவுதான்."

தலைவியம்மா கையெழுத்துப் போட்டார். முதல் வகை இல்லை, இரண்டாம் வகை. இடிக்க மாட்டார்கள், ஆனால் பழுதுபார்க்கவும் அரசாங்கம் வராது என்று விளக்கினார்.

"இதுவரைக்கும் யாருங்க வந்தாங்க?" என்றாள் கேட்டம்மா. தலைவியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "உன் வாய் இருக்கே, அம்மா," என்றாள்.

எல்லோரும் எழுந்தார்கள். எழுத்தர் மட்டும் எழவில்லை. கோப்பில் ஒரு படிவம் பாக்கி இருந்தது. கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் யார் செய்தது என்று அதில் எழுதவேண்டும். கல், ஓடு, கதவு, பதினைந்து பலகை, எல்லாவற்றுக்கும் நேராக 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நிறுத்தினார்.

"கிழக்குப் பக்கப் பலகை ஏழு. செஞ்சவர் பேர் சொல்லுங்கம்மா."

அவள் பேரைச் சொன்னாள். அவர் எழுதினார்.

"தொழில்?"

பேனா காத்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தச்சர்னு எழுதுங்க," என்றாள். பிறகு, பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்று, இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: "ஏழு பலகைக்கு மட்டும்."